அறிவித்தலும் கடமையே

குழந்தை உரிமைக் கூட்டங்களை வெறும் சடங்கென ஒதுக்குவோர் உண்டு. ஆனால் இவ்வியக்கத்தின் வரலாறே பொதுக்கூட்டமொன்றில்தான் தொடங்குகிறது. முதல் உலகப் போரை அடுத்துப் பட்டினியால் வாடிய ஆஸ்திரியக் குழந்தையின் படத்தைத் துண்டறிக்கையாக்கி இலண்டனில் வழங்கிய எக்லன்டைன் ஜெப் அம்மையார் கைதாகி அபராதம் செலுத்த நேர்ந்தது. பகைநாட்டுப் பிள்ளைகளுக்கும் உதவ, 1919 மே 19இல் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் மக்கள் திரண்டனர். 'சேவ் த சில்ரன்' நிதியம் உருப்பெற்றது. அம்மையார் வரைந்த ஐந்து விதிகளை 1924இல் சர்வதேச சங்கம் ஜெனீவாப் பிரகடனமாக ஏற்றது.

1989 நவம்பர் 20இல் ஐ.நா. சபை நிறைவேற்றிய உடன்படிக்கையின் 42ஆம் பிரிவு, இவ்வுரிமைகளைப் பெரியோரும் சிறாரும் பரவலாக அறியச் செய்வதை அரசுகளின் கடமையாக்கிற்று. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. எனவே, ஊர்தோறும் கருத்தரங்கும் பயிலரங்கும் நடத்துதல் அக்கடனைத் தீர்க்கும் வழியாகும். தனக்குரியது இன்னதென அறியாத குழந்தை அதனை எங்ஙனம் கேட்கும்?