கீரி கடிச்ச நாய்க்கு மஞ்சள் பத்தாதுங்க

எங்க தோட்டம் சத்தியமங்கலம் பக்கம், காட்டை ஒட்டி நாலு ஏக்கர். கடலை, மரவள்ளி, கொஞ்சம் வாழை. ரசாயனத்தை விட்டுப் பன்னிரண்டு வருசமாச்சு. இந்த இதழில் இதுவரை பயிரைப் பற்றித்தான் எழுதியிருக்கேன். இந்தத் தடவை எங்க நாயைப் பற்றி எழுதுறேன். காட்டோரத்தில் நாய் வளர்க்கிற எல்லாரும் படிக்கணும்.

செவலைன்னு ஒரு நாட்டு நாய் வெச்சிருந்தோம். ராத்திரி காட்டுப்பன்னி கடலைக்காட்டில் இறங்கினா முதல் சத்தம் அதுகிட்ட இருந்துதான் வரும். மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு நாள், பட்டப்பகலில் ஒரு கீரி மாட்டுக் கட்டுத்தறி வரைக்கும் வந்துச்சு. ஆளைப் பார்த்து ஓடலை, தள்ளாடித் தள்ளாடி நின்னுது. செவலை பாய்ஞ்சு கவ்வுச்சு. கீரி அதன் மூக்கைக் கடிச்சிட்டு வேலிக்குள்ள போயிடுச்சு. எங்க அத்தை மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைச்சுப் பூசினாங்க. அஞ்சு நாளில் புண் ஆறிப்போச்சு. எல்லாரும் அதை மறந்துட்டோம்.

ஒன்றரை மாசம் கழிச்சு நாய் இருட்டு மூலையில போய்ப் படுக்க ஆரம்பிச்சுது. கூப்பிட்டா வரலை. சோறு வெச்சா மோந்து பார்க்கும், விழுங்க முடியாது. கீழ்த்தாடை தொங்கிப்போய், எச்சில் நூலாட்டம் ஒழுகுச்சு. கடிக்கவும் இல்லை, குரைக்கவும் இல்லை. "தொண்டையில எலும்பு சிக்கியிருக்கும்"னு எங்க வீட்டுக்காரர் அதோட வாயைப் பிளந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தார். அன்னைக்குக் காலையில்தான் வேலி முள் அவர் விரலைக் கீறியிருந்தது.

கால்நடை டாக்டர் வந்து தூரத்தில் நின்றே பார்த்தார். முதல் கேள்வியே, "வாய்க்குள்ள யாராவது கைய விட்டீங்களாம்மா?" என்பதுதான். எனக்கு அப்பவே கால் நடுங்கிப்போச்சு.

வெறிநோய்னா நாய் வெறிபிடிச்சு ஓடி ஓடிக் கடிக்கும்னுதான் நாம நினைக்கிறோம். ஊமையா வர்ற வகையும் இருக்கு. அதில் தாடையும் தொண்டையும் செயலிழந்து போகும். பார்க்கிறவங்களுக்கு எலும்பு சிக்கின மாதிரியே தெரியும். மாட்டுக்கும் இப்படி வரும். எச்சில் ஒழுக்கிட்டுத் தீனி முழுங்க முடியாம நிற்கிற மாட்டின் வாயில், வைக்கோல் அடைச்சிருக்கும்னு கையை விடாத விவசாயி யாரு? அதனால, எச்சில் ஒழுகுற நாயோ மாடோ எதுவானாலும், டாக்டர் பார்க்கிறதுக்கு முன்னாடி வாயில் கை வைக்காதீங்க.

நாலாம் நாள் செவலை செத்துப்போச்சு. ஆழமாக் குழி தோண்டிப் புதைச்சோம். வீட்டுக்காரர் கையில் காயம் இருந்ததால அரசு மருத்துவமனையில் காயத்தைச் சுற்றி எதிர்ப்புரத ஊசியும், கூடவே தடுப்பூசியும் போட்டாங்க. முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள்னு கணக்கு. எச்சில் பட்ட பாத்திரத்தைக் கழுவின எனக்கும், நாயைத் தடவின பையனுக்கும் சேர்த்துப் போட்டோம். அந்த இருபத்தெட்டு நாளும் அவர் தண்ணி குடிக்கும்போதெல்லாம் நான் அவர் தொண்டையையேதான் பார்த்துட்டு இருந்தேன். நல்லபடியா இருக்கார்.

டாக்டர் அப்புறம் விளக்கிச் சொன்னார். இந்தக் கிருமி கடிவாயிலிருந்து நரம்பு வழியா மெதுவா மூளைக்கு ஏறுது. மூணு வாரத்திலும் வெளியே தெரியலாம், மூணு மாசமும் ஆகலாம், அதுக்கு மேலேயும் போகலாம். புண் ஆறினதுக்கும் நோய் இல்லைங்கிறதுக்கும் சம்பந்தமே இல்லை. அறிகுறி தெரிஞ்சுட்டா மருந்து கிடையாது. நாய், நரி, கீரி எல்லாத்துக்கும் இது வரும். மனுசனுக்குப் பயப்படாம பகலில் வீட்டுப்பக்கம் வர்ற நரி, கீரி மேல சந்தேகம் வந்தே ஆகணும். அந்தக் கீரி எங்க முன்னாடி தள்ளாடினப்ப எங்களுக்கு அது உறைக்கலை.

இங்கே நம்ம ஆட்களுக்கு ஒண்ணு சொல்லணும். இயற்கை வழின்னு வந்ததும் ஊசியே வேண்டாம்னு சொல்றவங்க நம்மில் உண்டு. நானும் அப்படித்தான் இருந்தேன். செவலைக்கு ஒரு தடவைகூட தடுப்பூசி போடலை. உண்ணிக்கு வேப்பெண்ணெய் தடவுறது நல்லது, நானே தடவுறேன். ஆனா வெறிநோய்க்கு எந்தப் பச்சிலையும் கிடையாது. சில ஊர்களில் ஊமத்தை கொடுக்கிறாங்க, அதுவே விஷம். கடிவாயில் சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மஞ்சள் எதையும் அப்பக் கூடாது. கையுறை போட்டுட்டு, சோப்பும் ஓடுற தண்ணியும் வெச்சுப் பதினஞ்சு நிமிசம் கழுவணும். ஏற்கெனவே தடுப்பூசி போட்ட நாயா இருந்தாலும் உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போய் மறுபடி போடணும்.

குட்டிக்கு மூணு மாசத்தில் முதல் ஊசி, ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு, அப்புறம் வருசத்துக்கு ஒரு தடவை. செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். அந்தச் சமயத்தில் பல ஊர் கால்நடை மருந்தகங்களில் முகாம் போட்டு இலவசமா ஊசி போடுறாங்க. நாயைக் கயிற்றில் பிடிச்சுட்டுப் போனா போதும்.

காட்டுப்பன்னி விசயம் வேற மாதிரி. பன்னிக் கொம்பு குத்தினா வெளியில சின்ன ஓட்டையாத்தான் தெரியும், உள்ளே ஆழமாக் கிழிச்சிருக்கும். மேலே மருந்தைப் பூசி மூடிட்டா உள்ளே சீழ் பிடிக்கும். பக்கத்துத் தோட்டத்து நாய்க்குக் குடல் வெளியே வந்துருச்சு. அவங்க அதை உள்ளே தள்ளப் பார்க்காம, சுத்தமான ஈரத்துணியில் சுற்றி எடுத்துட்டுப் போனாங்க. நாய் பிழைச்சுது. முள்ளம்பன்னி முள்ளும் அப்படித்தான், வீட்டில் பிடுங்கினா பாதி முறிஞ்சு உள்ளே நின்னுக்கும். மயக்கம் கொடுத்துத்தான் எடுக்கணும்.

பெருச்சாளி, எலி மூத்திரம் கலந்த வாய்க்கால் தண்ணியைக் குடிச்சா நாய்க்கு எலிக்காய்ச்சல் வரும். வாந்தி, மஞ்சளான கண்ணும் ஈறும், அடர்ந்த நிறத்தில் மூத்திரம். சீக்கிரம் பார்த்தா மருந்து கேட்கும். அந்த நாயோட மூத்திரத்தில் இருந்து நமக்கும் ஒட்டும். வெடிச்ச பாதத்தோட சேத்தில் இறங்குறவங்க நாமதானே? நாய்களுக்குப் போடுற கூட்டுத் தடுப்பூசி பலதில் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்தே இருக்கு.

பன்னியும் மானும் நடக்கிற தடத்தில் போய் வந்த நாய் மேல உண்ணி ஏறியிருக்கும். சில உண்ணி ரத்தத்துக்குள்ள கிருமியை விட்டுடும். காப்பித்தண்ணி நிறத்தில் மூத்திரம் போனாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ வேப்பெண்ணெயோட நிக்காதீங்க. உண்ணியை விரலால் நசுக்கவும் வேண்டாம். கோழி மேய விட்டா கட்டுத்தறியில் பாதி உண்ணி காலி.

இன்னொரு பக்கமும் இருக்குங்க. நம்ம நாயிடமிருந்து காட்டுக்கும் நோய் போகுது. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் 1994இல் நாய்களின் டிஸ்டெம்பர் நோய் பரவி ஆயிரம் சிங்கம் வரைக்கும் செத்துச்சு. சுற்றியிருந்த கிராமத்து நாய்களில் இருந்து அது வந்திருக்கும்னு ஆராய்ந்தவங்க சொன்னாங்க. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தப்பவும் அதே கிருமியைக் கண்டாங்க. கீரி மேலயும் நரி மேலயும் பழி போடுறோம், அவை நம்மைப் பற்றி என்ன சொல்லுமோ!

இப்போ எங்ககிட்ட கருப்பன் இருக்கான். ராத்திரி வேலிக்கு உள்ளேயே, மாட்டுக் கட்டுத்தறி பக்கத்தில் நீளக் கயிற்றில் கட்டுறோம். குரைச்சா போதும், பன்னியைத் துரத்த வேண்டியதில்லை. கோழிக்கழிவு, செத்த கோழி எதையும் வெளியே போடாம குழியில் புதைக்கிறோம். அதுக்காகத்தான் நரி வருது.

மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதி எழுதுற அதே காலண்டரில் கருப்பனோட ஊசித் தேதியும் இருக்கு. எழுதி வெச்சது எங்க அத்தை. போன மாசம் ஒரு கீரி வேலியோரம் போனதும், மஞ்சள் டப்பாவைத் தேடாம, "சோப்பு எங்கே கண்ணு வெச்சிருக்கே?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு அது கடிக்கலை, வரப்போடு போயிடுச்சு.