இடம் மாறிய வலைத்தளமும் அதில் தோன்றும் பழுதுகளும்

பள்ளிகள், வேளாண் விரிவாக்க நிலையங்கள், வட்டார அலுவலகங்கள் ஆகியவற்றின் அறிவிப்புகள் இன்று பெரும்பாலும் வலைத்தளங்களின் வாயிலாகவே மக்களை அடைகின்றன. இத்தளங்களை நடத்துவோர் எல்லாரும் கணினி நுட்பம் பயின்றவர் அல்லர். வாசகத்தை எழுதி, படத்தை இணைத்து, 'வெளியிடு' என்னும் பொத்தானை அழுத்தினால் பக்கம் உருவாகிவிடும் வண்ணம் அமைந்த மென்பொருள்களே அவர்களுக்குக் கைகொடுக்கின்றன. இவற்றை உள்ளடக்க மேலாண்மை அமைப்புகள் என்பர். அவற்றுள் உலகெங்கும் மிகுதியாக வழங்குவது வேர்ட்பிரஸ் ஆகும். மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட இம்மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. எவரும் திருத்திப் பயன்படுத்தலாம்.

ஓரிடத்தில் நிலைத்து நடந்துவரும் தளத்தில் பெரும்பழுது நேர்வது அரிது. சோதனைக் கணினியிலிருந்து பொதுமக்கள் காணும் சர்வருக்கோ, பழைய சர்வரிலிருந்து புதியதற்கோ தளத்தை மாற்றும்போதுதான் தொல்லைகள் திரண்டு வருகின்றன. தளத்தை அமைத்த ஒப்பந்தக்காரர் விடைபெற்றுச் சென்ற பின்னர் இம்மாற்றம் நேர்வதும் உண்டு. அப்போது பொறுப்பு ஆசிரியர் ஒருவர் மீதோ, களப் பணியாளர் ஒருவர் மீதோ வந்து விழுகிறது. அத்தகையோர் பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

வாசகர் தளத்தின் முகவரியைத் தட்டெழுதியதும் நிகழ்வது யாது? அவரது கோரிக்கை முதலில் வலைச் சர்வரை அடைகிறது. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் என்பன இவ்வகையைச் சார்ந்தவை. வலைச் சர்வர், பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட வேர்ட்பிரஸ் நிரலை இயங்கச் செய்கிறது. அந்நிரல் மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி என்னும் தரவுத்தளத்தை அணுகி, வாசகத்தைப் பெற்று, பக்கமாக அமைத்துத் தருகிறது. ஆகவே திரையில் தோன்றும் பிழைச்செய்தி இம்மூவருள் எவருடைய வாய்மொழி என்று அறிவதே முதற்பணியாகும். சான்றாக, '404' என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். தளத்தின் தலைப்பும் பட்டிகளும் சூழ அச்செய்தி வருமானால் பேசுவது வேர்ட்பிரஸ். மூன்று அடுக்குகளும் இயங்குகின்றன, கேட்ட பக்கம் மட்டும் கிடைக்கவில்லை. அதே எண் வெறும் வெள்ளைத்திரையில் தோன்றுமானால் பேசுவது வலைச் சர்வர். கோரிக்கை வேர்ட்பிரஸ் வரை செல்லவே இல்லை. '502' என்பது, பின்னால் நிற்கும் பிஎச்பியிடமிருந்து முறையான விடை வரவில்லை என்று முன்னால் நிற்கும் சர்வர் கூறும் புகார்.

முகப்புப் பக்கம் திறக்கிறது, உட்பக்கங்கள் அனைத்தும் வெள்ளைத்திரை '404' ஆகின்றன என்பது இடமாற்றத்தின் மறுநாள் கேட்கும் வழக்கமான முறையீடு. அப்பாச்சி சர்வரில் முகவரிகளை வேர்ட்பிரஸிடம் திருப்பிவிடும் ஆணைகள் 'எச்டிஆக்சஸ்' என்னும் சிறு கோப்பில் உள்ளன. அதன் பெயர் புள்ளியில் தொடங்குவதால் அது மறைகோப்பாகக் கருதப்பட்டு, நகலெடுப்பவர் கண்ணில் படாமலே விடுபட்டுப் போகிறது. நிர்வாகப் பகுதியில் நிலைமுகவரி அமைப்பைத் திறந்து, எதனையும் மாற்றாமல் சேமித்தால் அக்கோப்பு மீண்டும் எழுதப்படும். கோப்பு இருந்தும் பயனில்லையெனில், அதனை மதிக்குமாறு சர்வருக்கு அனுமதி தரப்படவில்லை என்று கொள்ளலாம், அப்பாச்சி 2.4 பதிப்பில் இவ்வனுமதி இயல்பாகவே மறுக்கப்பட்டுள்ளது. என்ஜின்எக்ஸோ இக்கோப்பைப் படிப்பதே இல்லை. அங்கே அதே ஆணைகளைச் சர்வரின் சொந்த அமைப்புக் கோப்பில்தான் எழுதுதல் வேண்டும்.

தரவுத்தளத்துடன் தொடர்புகொள்ள இயலவில்லை என்னும் பொருள்படும் செய்தி தோன்றினால் 'டபிள்யூபி-கான்ஃபிக்' என்னும் அமைப்புக் கோப்பைத் திறந்து, தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், சர்வரின் பெயர் ஆகிய நான்கையும் ஒப்புநோக்குக. நான்கும் சரியாயிருந்தும் இணைப்பு மறுக்கப்படுவது உண்டு. மைஎஸ்க்யூஎல் பயனரைப் பெயரால் மட்டுமன்றி, அவர் எந்தக் கணினியிலிருந்து வருகிறார் என்பதாலும் அடையாளம் காண்கிறது. தரவுத்தளம் தனிக்கணினிக்கு மாறியிருந்தால், அதே பெயரும் அதே கடவுச்சொல்லும் கொண்ட பயனர் அதற்கு அந்நியரே.

புதிய சர்வரில் பிஎச்பியின் பதிப்பு உயர்ந்திருப்பதும் தொல்லைக்கு இடமாகும். 2020ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த பிஎச்பி 8.0, பழைய சார்புகள் சிலவற்றை நீக்கிவிட்டது. அவற்றை நம்பி எழுதிய பிளக்-இன் ஒன்று (செருகுநிரல் என்பது நல்ல சொல்லே, ஆயினும் பணியிடத்தில் வழங்குவது பிளக்-இன்) முழுத் தளத்தையும் வீழ்த்திவிடக் கூடும். 2019இல் வந்த வேர்ட்பிரஸ் 5.2 முதல், இத்தகைய வேளையில் தளத்தின் நிர்வாகிக்கு மீட்பு இணைப்புடன் மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடு உள்ளது. புதிய சர்வரில் அஞ்சல் அனுப்பும் வசதியை இன்னும் அமைக்கவில்லையாயின் அம்மடல் புறப்படுவதே இல்லை. நிர்வாகி வீணே காத்திருப்பார். ஆதலால் பிளக்-இன்கள் உள்ள கோப்புறையில் ஐயத்திற்குரியதன் பெயரை மாற்றிப் பார்ப்பதே விரைவான வழி. பெயர் மாறியதை வேர்ட்பிரஸ் ஏற்றுவதில்லை. ஒன்று மாற்றுக, தளத்தைத் திறந்து பார்க்க, பின்னர் அடுத்ததற்குச் செல்க. ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றித் தளம் எழுந்துவிட்டால், குற்றவாளி எதுவென்று அறியாமலே போவோம். அமைப்புக் கோப்பில் பிழைப் பதிவேட்டை இயக்குவது இன்னும் நன்று. பிழை எந்தக் கோப்பின் எந்த வரியில் நேர்ந்தது என்பதை அது கூறும். அப்பதிவேடு இயல்பாக வைக்கப்படும் இடத்தில் பிறரும் அதைப் படிக்கக்கூடும் என்பதால், வேலை முடிந்ததும் இயக்கத்தை நிறுத்தி, கோப்பையும் அகற்றுதல் வேண்டும்.

இனி முகவரி. தளத்தின் முகவரி தரவுத்தளத்தில் இரண்டு இடங்களில் அமைப்பாகவும், கட்டுரைகளின் உள்ளே எண்ணற்ற இடங்களில் இணைப்பாகவும் பதிந்துள்ளது. அமைப்புகளை மாற்றாவிடில் புதிய தளத்தைத் திறப்பவர் பழைய தளத்திற்கே திருப்பப்படுவார். இதற்கு அஞ்சி, நகற்கோப்பை உரைத்தொகுப்பியில் திறந்து, பழைய முகவரி உள்ள இடமெல்லாம் புதியதை இட்டு நிரப்புவோர் உளர். இது பெருந்தவறு. பிளக்-இன்களின் அமைப்புகள் பலவற்றைச் சேமிக்கும்போது, ஒவ்வொரு சொற்றொடரின் முன்னும் அதன் நீளம் எண்ணாக எழுதப்படுகிறது. முகவரியின் நீளம் மாறி, முன்னுள்ள எண் மாறாதிருந்தால் பிஎச்பி அவ்வமைப்பு முழுவதையும் படிக்க மறுத்துவிடும். பக்கவாட்டுப் பட்டைகளும் படிவங்களும் காரணமின்றி மறைந்தன போலத் தோன்றும். டபிள்யூபி-சிஎல்ஐ என்னும் கட்டளைக் கருவி நீளத்தையும் சேர்த்தே திருத்துவதால் அதனையே பயன்படுத்துக.

மேற்கூறியவை யாவும் திருத்தக் கூடியவை. திருத்த இயலாத பழுது ஒன்று உண்டு. அது நம் எழுத்தைப் பற்றியது. ஆகலின் சற்று விரிவாகக் காண்போம்.

யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 குறிமுறையில் 3 பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. 'தமிழ்' என்னும் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள். ஆக 15 பைட்டுகள். ரோமன் எழுத்துகளுக்கென அமைந்த லத்தீன்-1 குறிமுறையோ ஒவ்வொரு பைட்டையும் தனியெழுத்தாகக் கொள்வது. அதில் தமிழுக்கு இடமே இல்லை. பழைய தரவுத்தளங்களில் இம்முறையே இயல்பமைப்பாக இருந்தது.

தளத்தை மாற்றிய பின் தமிழ் சிதைந்து தோன்றினால் இரண்டு நிலைகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். முதல் நிலையில், தலைமேல் சாய்கோடு இட்ட ரோமன் 'ஏ'யும், வட்டத்துள் அடைபட்ட 'ஆர்' குறியும் மீண்டும் மீண்டும் வரும். தமிழ்க் குறிகள் அனைத்தின் முதற் பைட்டும் ஒன்றே. இரண்டாம் பைட்டு இரண்டே வகை. அதனால்தான் இச்சலிப்பூட்டும் தோற்றம். இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் பைட்டுகள் பழுதின்றி உள்ளன. படிக்கும் குறிமுறையே மாறியுள்ளது. பழைய தளத்தின் அமைப்புக் கோப்பில் குறிமுறை என்னவென்று எழுதப்பட்டிருந்ததோ அதனையே புதியதிலும் இட்டுப் பார்க்க. நிலையான மாற்றத்தை நகல் ஒன்றின்மீது மட்டும் செய்து பழகுக. அதுவரை எவரும் சிதைந்த பக்கத்தைத் திருத்திச் சேமிக்கலாகாது. சேமித்தால் இருவகைக் குறிமுறைகளும் ஒரே அட்டவணையில் கலந்துவிடும்.

இரண்டாம் நிலையில் திரையெங்கும் கேள்விக்குறிகள் தோன்றும். 'தமிழ்' இருந்த இடத்தில் சரியாக 5 கேள்விக்குறிகள். நகலெடுக்கும் கருவிக்கு லத்தீன்-1 என்று குறிமுறை தரப்பட்டதால், தான் அறியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை அது எழுதிவிட்டது. இங்கே மூலப் பைட்டுகள் இல்லை. எந்தக் கருவியும் அவற்றை மீட்டுத் தராது. பத்தாண்டு அறிவிப்புகளும், மாணவர் எழுதிய கட்டுரைகளும், பயிர்நோய்க் குறிப்புகளும் இவ்வாறே அழிந்துபடும். பழைய சர்வரில் மூலம் இருக்கும் வரை மறுபடி சரியான குறிமுறையில் நகலெடுக்கலாம். ஆகவே புதிய தளத்தில் மிகப் பழைய கட்டுரைகள் சிலவற்றையும், பின்னூட்டங்களையும், படங்களின் விளக்கங்களையும் திறந்து படித்துப் பார்க்காமல் பழைய சர்வரை ஒப்படைக்கச் சம்மதிக்காதீர். முகப்புப் பக்கம் அழகாக வந்தது என்பது சான்றாகாது.

குறிமுறையைத் தேர்ந்தெடுக்கும்போது மைஎஸ்க்யூஎல்லில் 'யூடிஎஃப்8எம்பி4' என்பதையே கொள்க. அங்கே வெறும் 'யூடிஎஃப்8' என்று நெடுங்காலம் வழங்கியது 3 பைட்டுகள் வரையே ஏற்பது. அன்றாடத் தமிழுக்கு அது போதும். எனினும் முந்திரி, காணி முதலிய பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடு 12.0 பதிப்பில் சேர்க்கப்பட்டபோது அவை 4 பைட்டுப் பகுதியில் அமைந்தன. பழைய நிலக்கணக்குகளை வகுப்பில் காட்ட விரும்பும் ஆசிரியருக்கு இவ்வேறுபாடு முக்கியமானது.

கோப்பு ஏற்ற முடியவில்லை என்றால் அனைத்திற்கும் '777' அனுமதி தந்துவிடும் வழக்கம் ஒன்று பரவியுள்ளது. அது கதவைக் கழற்றி வைப்பதற்கு ஒப்பாகும். கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644 என்பதே ஏற்ற அளவு. குறை பெரும்பாலும் கோப்பின் உடைமையாளர் மாறியதில் இருக்கும். படம் பெரியதாயின் பிஎச்பியின் வரம்பையும் பார்க்க. அதன் இயல்பு அளவு 2 மெகாபைட்டே.

முகவரியைப் பற்றி இன்னும் ஒன்று கூறவேண்டியுள்ளது. தமிழ்த் தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானே அமைக்கும் முகவரிக்கு 200 எழுத்துகளே வரம்பு. முகவரியில் தமிழ்க் குறி ஒன்று, விழுக்காட்டுக் குறிகளுடன் 9 எழுத்துகளாக எழுதப்படுவதால் 22 குறிகளுக்கு மேல் அதில் அடங்குவதில்லை. 'பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கான' என்று தொடங்கும் அறிவிப்புகள் அனைத்தும் ஒரே இடத்தில் வெட்டுண்டு, ஈற்றில் 2, 3 என்னும் எண்களால் மட்டும் வேறுபட்டு நிற்கும். ஒவ்வொரு அறிவிப்புக்கும் குறுகிய முகவரிப் பெயர் ஒன்றைக் கையால் இட்டுவிட்டால் இக்குழப்பம் எழாது. முன்பே வெளியான கட்டுரையின் முகவரிப் பெயரை மாற்றினாலும், பழைய பெயரை வேர்ட்பிரஸ் நினைவில் வைத்திருந்து புதியதற்கு வழிகாட்டும். சுற்றறிக்கையில் அச்சான முகவரி வீணாவதில்லை.