காலியாக இருக்கட்டும் அந்தக் கட்டம்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீடு. மோசடிக்காரனைத் தேடியும் காணாமல் போனவர்களைத் தேடியும் போலீசார் பல ஆண்டுகளாக அங்கே வந்துகொண்டே இருந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. காரணம் 2016இல்தான் வெளியே தெரிந்தது. இணைய முகவரி எந்த ஊருக்குரியது என்று சொல்லும் மேக்ஸ்மைண்ட் நிறுவனம், அமெரிக்கா என்பதற்கு மேல் எதுவும் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் 38 பாகை வடக்கு, 97 பாகை மேற்கு என்ற ஒரே புள்ளியைக் கொடுத்திருந்தது. அப்படிக் குவிந்த முகவரிகள் 60 கோடிக்கும் மேல். அந்தப் புள்ளிக்கு மிக அருகில் இருந்தது இந்தப் பண்ணை. செய்தி வெளியான பிறகு நிறுவனம் புள்ளியை ஓர் ஏரிக்கு நடுவே நகர்த்தியது.

தெரியாத இடத்தில் எதை எழுதுவது என்பது, தரவுத்தள அட்டவணை அமைப்பவர்கள் தினமும் எடுக்கும் முடிவுதான். புதிய பதிவில் ஒரு நெடுவரிசைக்கு எந்த மதிப்பும் தரப்படாவிட்டால், முன்கூட்டியே சொல்லிவைத்த டிஃபால்ட் மதிப்பைக் கணினி தானே எழுதிக்கொள்ளும். பதிவு நுழைந்த நேரம், 'பரிசீலனையில்' என்ற தொடக்க நிலை போன்றவற்றுக்கு இது மிகப் பொருத்தம். அங்கே கணினி எழுதுவது உண்மை. பிறந்த தேதி, வருமானம், இருப்பிடம் ஆகியவற்றுக்கு அப்படியல்ல. அவற்றை மனிதர் சொன்னால்தான் உண்டு. சொல்லாத இடத்தில் பூச்சியத்தையோ ஜனவரி 1ஐயோ வைப்பது, அறியாமையைத் தகவலாக மாற்றிவிடுகிறது. ஐந்து மழைமானிகளில் மூன்று 20, 40, 60 மில்லிமீட்டர் காட்டி, இரண்டிலிருந்து தகவல் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். காலி இடங்களை விட்டுவிட்டால் சராசரி 40. பூச்சியம் நிரப்பினால் 24. வராத தகவல் வறட்சியாகிவிடுகிறது!

காலி மதிப்பும் தொல்லைதான் என்பார்கள். அதில் நியாயம் உண்டு. 'மதுரை அல்லாத ஊர்க்காரர்கள் யார்' என்று கேட்டால், ஊர் காலியாக உள்ளவர்கள் விடையில் வரமாட்டார்கள். தரவுத்தள அறிஞர் சி. ஜே. டேட் இத்தகைய குழப்பங்களைக் காட்டித்தான் காலி மதிப்பை நெடுங்காலம் எதிர்த்தார். ஆனால் இந்தத் தொல்லை கேள்வி கேட்கும்போது எழுவது. கேள்வியைத் திருத்தினால் தீரும். எழுதிவிட்ட பொய்யை எந்தக் கேள்வியாலும் பிரித்தெடுக்க முடியாது. அட்டவணைகளாகத் தரவை அடுக்கும் முறையை 1970இல் முன்வைத்த எட்கர் காட், 1985இல் வெளியிட்ட விதிகளில், இல்லாத தகவலைப் பூச்சியத்திலிருந்து வேறுபடுத்திக் காட்டியே ஆகவேண்டும் என்று வலியுறுத்தினார். அவர் பக்கமே நான் நிற்கிறேன்.

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவதும் உதவாது. டிஃபால்ட் மதிப்பை நாளை மாற்றினால் நாளைக்குப் பிறகு வரும் பதிவுகள்தான் மாறும். ஏற்கெனவே எழுதப்பட்ட வரிசைகள் அப்படியே இருக்கும். ஆகவே அட்டவணை அமைப்பவர்களே, தெரியாததை எழுதக் காலி இடம் ஒன்றை முதல் நாளே ஒதுக்கிவையுங்கள்.