அழிக்க வேண்டியது யார்?

கணினி நிரல் ஒன்று நினைவகத்தில் இடம் கேட்டு வாங்குவதில் பெரிய சிக்கல் கிடையாது. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதில்தான் எல்லா வில்லங்கமும். எப்போது கொடுப்பது, யார் கொடுப்பது என்ற கேள்விக்கு நிரல்மொழிகள் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கின்றன.

ரூபி மொழியின் பதில் பழையது. 1959 வாக்கில் லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி யோசித்த வழி அது. நிரலர் எதையும் திருப்பித் தர வேண்டாம். எந்த மாறி வழியாகவும் எட்ட முடியாமல் போன பொருள்களைத் துப்புரவு நிரல் ஒன்று அவ்வப்போது தேடிப்பிடித்துக் கழித்துவிடும். 1995இல் யுகிஹிரோ மட்சுமோட்டோ ரூபியை வெளியிட்டபோதும் இந்த ஏற்பாடுதான். ரூபி எழுதுபவர்கள் நினைவகத்தைப் பற்றி நினைக்காமலே பல வருடம் பிழைப்பை ஓட்டிவிடலாம்.

2015இல் முதல் நிலையான பதிப்பு கண்ட ரஸ்ட் மொழி வேறு பதில் சொல்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு உரிமையாளர். அவருடைய எல்லை முடிகிற வரியிலேயே பொருளும் அழிந்துவிடும். மற்றவர்கள் இரவல் வாங்கலாம், வைத்துக்கொள்ள முடியாது.

ஒரே நிரலுக்குள் இந்த இரண்டு பேரையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டது வெப்அசெம்பிளி. 2017இல் நான்கு பெரிய உலாவிகளிலும் இடம்பிடித்து, 2019 டிசம்பரில் டபிள்யூ3சி தரமான தொழில்நுட்பம் இது. பிறகு உலாவியைத் தாண்டி சர்வர்களுக்கும் போனது. ரஸ்ட்டிலோ சி மொழியிலோ எழுதியதை இதற்கு மாற்றிவிட்டால், வேலி போட்ட தனி நினைவகத்துக்குள் அது ஓடும். அனுமதி இல்லாமல் வெளியே எதையும் தொடாது. ஆரம்பத்தில் இந்த வேலியைத் தாண்டி எண்களை மட்டுமே அனுப்ப முடிந்தது. கம்போனென்ட் மாடல் என்ற அடுத்த கட்டம் வந்த பிறகு எழுத்துச் சரங்கள், பட்டியல்கள் எல்லாம் போய்வருகின்றன. வெப்அசெம்பிளி நிரல்கள் வெளியுலகத்தோடு பேசுவதற்கான இடைமுகம் வாசி. 2024 ஜனவரியில் வந்த அதன் 0.2 பதிப்பு இந்த மாடலின் மேல்தான் நிற்கிறது.

எழுத்துச் சரத்தை நகலெடுத்து அனுப்பிவிடலாம். திறந்திருக்கும் கோப்பையோ நெட்வொர்க் இணைப்பையோ நகலெடுக்க முடியுமா? அதற்காக வந்ததுதான் ‘ரிசோர்ஸ்’. பொருள் உள்ளேயே இருக்கும், வெளியே வருவது ஹேண்டில் எனப்படும் ஓர் எண் மட்டும். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வாங்கும் டோக்கன் மாதிரி. அந்த எண்ணுக்கு அந்தக் கடையில்தான் மதிப்பு. கையில் டோக்கன் இருக்கிறது என்பதற்காக உள்ளே போய் அலமாரியைக் குடைய முடியாது.

ஹேண்டில் இரண்டு வகை. ‘ஓன்’ என்றால் முழு உரிமை. அதை ஒரு ஃபங்ஷனிடம் கொடுத்தால், கொடுத்தவரின் பட்டியலிலிருந்து அந்த எண் நீங்கிவிடும், வாங்கியவரின் பட்டியலில் புதிதாக ஒன்று ஏறும். பொருளை அழிக்கும் கடமையும் கூடவே கைமாறும். ‘பாரோ’ என்றால் இரவல். அந்த அழைப்பு முடிவதற்குள் திருப்பித் தந்துவிட வேண்டும். இரவல் கொடுத்திருக்கும்போது உரிமையாளர் அழிக்கப் பார்த்தாலும், வாங்கியவர் திருப்பித் தராமல் அழைப்பை முடிக்கப் பார்த்தாலும் இயக்கம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். வாஸ்ம்டைம் போன்ற இயக்கிகளில் இப்படி நின்ற கம்போனென்டுக்குள், அதாவது வேலிக்குள் ஓடும் அந்த நிரலுக்குள், மறுபடி நுழையவும் முடியாது. கறாரான சட்டம்தான். ஆனால் இந்தக் கறார்தான் பாதுகாப்பு.

இப்போது ரூபி பக்கம் வருவோம். ரஸ்ட்டில் எழுதிய பட வடிகட்டி ஒன்று கம்போனென்டாக இருக்கிறது என்று வையுங்கள். ரூபியிலிருந்து ஒரு படத்தைத் திறக்கிறோம். உள்ளே படம் 30 எம்பி பிடிக்கிறது. ரூபியின் கையில் வருவது ஹேண்டிலைச் சுற்றிய ஒரு சின்ன உறை. ரூபியில் ஒரு பொருளுக்கான அடிப்படை நினைவக இடம் 40 பைட்தான். அந்த உறையைப் பார்க்கும் துப்புரவு நிரலுக்கு அதன் பின்னால் 30 எம்பி நிற்பது தெரியாது. அவசரமே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். நூறு படம் திறந்தால் உள்ளே 3 ஜிபி, ரூபியின் கணக்கில் சில்லறை. வெளி நினைவகத்தின் அளவை ரூபியிடம் சொல்லிவைக்க ஒரு சி ஃபங்ஷன் உண்டு. அதுவும் ஒரு குறிப்புதான், உத்தரவாதம் கிடையாது. போதாக்குறைக்கு, வெப்அசெம்பிளி நினைவகம் வளருமே தவிரச் சுருங்காது.

சரி, உறையைக் கழிக்கும்போதே படத்தையும் அழிக்கச் சொன்னால் என்ன? எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான். இங்கேதான் பொறி. படத்தை அழிப்பதென்றால் கம்போனென்டுக்குள் இருக்கும் அழிப்பு ஃபங்ஷனை ஓட்ட வேண்டும். அது, ‘அழித்தாயிற்று’ என்று பதிவுசெய்ய ரூபியில் எழுதிய ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடலாம். துப்புரவு நடக்கும்போது புது ரூபிப் பொருள் உருவானால் ரூபி அந்த இடத்திலேயே செத்துவிழும். இன்னொரு சிக்கலும் உண்டு. கம்போனென்டுக்குள் ஓர் அழைப்பு பாதியில் இருக்கும்போதும் துப்புரவு தொடங்கலாம். வாஸ்ம்டைமில் எந்தச் செயலுக்கும், ஓடும் கம்போனென்டின் நிலையையெல்லாம் வைத்திருக்கும் ‘ஸ்டோர்’ முழுசாகக் கையில் வேண்டும். அதுவோ ஏற்கெனவே வேறொருவர் கையில். ரஸ்ட்டின் பக்கத்திலேயே இந்த ஹேண்டில்கள் தானாக அழிவதில்லை, அழிக்கும்படி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருப்பதற்கும் இதே ஸ்டோர்தான் காரணம்.

பொருள் கழிந்ததும் ஓடும்படி ரூபியில் பதிந்துவைக்கும் ‘ஃபைனலைசர்’, துப்புரவு முடிந்த பிறகு ஓடும் என்பதால் கொஞ்சம் தேவலை. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஃபைனலைசராகக் கொடுக்கும் பிளாக், கவனக்குறைவாக அந்தப் பொருளையே பிடித்துக்கொண்டிருந்தால், பொருள் சாகவே சாகாது. அதனால் ஃபைனலைசருக்குள் அழிப்பு வேலையையே வைக்காமல், ஹேண்டில் எண்ணை ஒரு வரிசையில் போட்டுவைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கம்போனென்டை அடுத்த தடவை அழைக்கும் முன், ஸ்டோர் கையில் இருக்கும்போது, வரிசையில் உள்ளவற்றைத் தீர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் என் கட்சி, ஃபைனலைசரை நம்பியே வாழக் கூடாது என்பதுதான். ஜாவாக்காரர்கள் பல வருடம் பட்டுவிட்டு 2017இல் தங்கள் ஃபைனலைசரைக் கைவிடப்பட்டதாக அறிவித்தார்கள். ரூபியில் கோப்பைத் திறக்கும்போது ஒரு பிளாக் கொடுத்தால், பிளாக் முடிந்ததும் கோப்பு தானாக மூடிக்கொள்ளும், நடுவில் பிழை வந்தாலும்கூட. ரிசோர்ஸுக்கும் அதே பிளாக், பிழை வந்தாலும் ஓடியே தீரும் அதே ‘என்ஷூர்’ போதும். ரூபி எழுதுபவருக்கு ரஸ்ட்டின் உரிமைச் சட்டம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இரவலும் கைமாற்றமும் இன்னும் நுணுக்கமானவை. ரூபியில் ஒரே உறைக்கு நான்கு மாறிகள் பெயராக இருக்கலாம். ஒரு மாறி வழியாகப் படத்தை ‘ஓன்’ ஆகக் கொடுத்துவிட்டால், மற்ற மூன்றும் செத்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த எண் நாளை வேறு பொருளுக்குப் போகலாம். ஆகவே கைமாறிய நொடியிலேயே உறைக்குள் ‘போய்விட்டது’ என்று குறித்து, அதன் பிறகு தொட்டால் ரூபிப் பிழை எழுப்ப வேண்டும். கம்போனென்ட் ஒரு பொருளை இரவலாக ரூபி பிளாக்கிடம் நீட்டும்போதும் இதே கதைதான். பிளாக் எழுதியவர் அதை எடுத்து ஓர் இன்ஸ்டன்ஸ் மாறியில் சேமித்துவைத்தால் ரூபி தடுக்காது. ரஸ்ட்டாக இருந்தால் கம்பைலரே அந்த வரியை மறுத்திருக்கும். இங்கே அந்தக் காவல் இல்லாததால், அழைப்பு முடிகிற இடத்தில், ரூபிக்கும் கம்போனென்டுக்கும் நடுவே நிற்கும் இடைநிரலே இரவல் உறைகள் அத்தனையையும் செல்லாதவையாக்கிவிட வேண்டும்.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்க ரூபியிலேயே ஒரு விசை உண்டு. ‘ஜிசி ஸ்ட்ரெஸ்’ என்பதை இயக்கிவிட்டால், வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் துப்புரவு நடக்கும். நிரல் ஆமை வேகத்தில் ஓடும். சர்வரில் எப்போதோ ஒருமுறை தலைகாட்டிவிட்டு ஓடிப்போகும் தவறு பெரும்பாலும் இதில் அகப்பட்டுக்கொள்ளும். கூடவே, சோதனை முடிந்ததும் ஹேண்டில் பட்டியலில் எத்தனை எண் மிச்சம் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. எல்லாம் பிளாக்குக்குள் திறந்தவை என்றால் அது பூஜ்யமாக இருக்க வேண்டும்.