பிள்ளையை அம்மாச்சி பார்த்துக்கிட்டா செலவு இல்லையா? வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு

"வீட்ல இருந்துதானே வேலை, அப்புறம் பிள்ளையைப் பார்க்க எதுக்குத் தனியா ஒரு ஆள்?"

பிரசவ விடுப்பு முடியப் போகிற வீட்டில் எல்லாம் இந்தக் கேள்வி வரும். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே வரும். சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிற கம்பெனிக்கு ஊரில் உட்கார்ந்தபடி வேலை பார்க்கும்போது, அக்கம்பக்கத்தார் கண்ணுக்கு நீங்கள் சும்மா வீட்டில் இருப்பது மாதிரிதான் தெரியும். அதனால் முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வொர்க் ஃப்ரம் ஹோம் என்பது பிள்ளையைப் பார்க்கிற ஏற்பாடு இல்லைங்க. பஸ்ஸில் போய்வருகிற நேரம் மிச்சம், நடுவில் எழுந்து பால் கொடுக்கலாம், அழுதால் காதில் விழும். அவ்வளவுதான். ஒன்பது மணி நேர வேலைக்கும் தவழ ஆரம்பித்த பிள்ளைக்கும் ஒரே ஆள் போதாது. வேறொருவர் வேண்டும். அந்த வேறொருவருக்கு ஒரு விலை இருக்கிறது. அதை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன்னால், கையில் எவ்வளவு நாள் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். தனியார் வேலையில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 2017 ஏப்ரல் 1 முதல் இருக்கிற இந்த விதி, 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈஎஸ்ஐயில் இருந்தால், பணம் கம்பெனியிடமிருந்து வராது, ஈஎஸ்ஐயிடமிருந்து வரும்.

இந்த 26 வாரத்தில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். "அதிகபட்சம்" என்ற சொல்லைக் கவனியுங்க. கட்டாயம் இல்லை. 8 வாரத்தையும் முன்னாடியே எடுத்துவிட்டால் பிறந்த பிறகு மிச்சம் 18 வாரம், அதாவது நாலு மாசம் சொச்சம். டாக்டர் சரி என்றால், கடைசி வரை வீட்டிலிருந்தே வேலை பார்த்துவிட்டு 26 வாரத்தையும் பிறகு எடுத்தால் பிள்ளைக்கு ஆறு மாசம் ஆகிவிடும். ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான் என்பதால் அந்தக் கூடுதல் 8 வாரத்துக்கு நிறைய மதிப்பு இருக்கிறது. இதற்கு ஒரு பைசா செலவில்லை, தேதியைச் சரியாகப் போட்டால் போதும்.

கணவன், மனைவி இருவரில் ஒருவர் தமிழ்நாடு அரசு வேலையில் இருந்தால் கதை வேற. அரசு ஊழியையாக இருக்கும் தாய்க்கு 2021 ஜூலை 1 முதல் 12 மாத விடுப்பு. தனியாரில் வேலை பார்க்கும் அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள்.

விடுப்பு முடிந்த பிறகு வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், கம்பெனியும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்கிற காலத்துக்கு, ஒத்துக்கொள்கிற நிபந்தனைப்படி பார்க்கலாம். உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது, பேசித்தான் வாங்கணும். அதனால் வாய்ச்சொல்லோடு விடாதீங்க. எத்தனை மாசம், எந்த நேரத்தில் கட்டாயம் லாகினில் இருக்கணும், எப்போது ஆபீஸுக்கு வரச் சொல்வார்கள் என்று மெயிலில் வாங்கிக்கொள்ளுங்க. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் காப்பகம் சென்னையில் இருந்து, நீங்கள் பந்தல்குடியில் இருந்தால் அதனால் என்ன பயன்? அதற்குப் பதிலாக ஏதாவது தொகை தருவார்களா என்று ஹெச்ஆரிடம் கேட்டுப் பாருங்க. கேட்டால் தப்பில்லை.

இப்போது பெரிய கணக்கு. வேலையை விடலாமா என்ற கேள்வி வரும்போது பெரும்பாலான வீடுகளில் போடும் கணக்கு இப்படி இருக்கும். மனைவிக்கு மொத்தச் சம்பளம் 35,000, அதில் அடிப்படை 18,000 என்று வைத்துக்கொள்வோம். பிஎஃப், தொழில் வரி எல்லாம் போகக் கையில் 32,600. பிள்ளையைப் பார்க்கிற அக்காவுக்கு 9,000, அவங்க சாப்பாடு, இன்வெர்ட்டர், நெட் என்று இன்னொரு 3,000. ஆக 12,000 போய்விட்டால் மிச்சம் 20,600. "இந்த இருபதாயிரத்துக்கா இந்தப் பாடு? ரெண்டு வருஷம் வீட்ல இருக்கட்டும்." பேச்சு இதோடு முடிந்துவிடும்.

இந்தக் கணக்கில் ரெண்டு ஓட்டை இருக்கு. ஒண்ணு, பிஎஃப். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் உங்கள் பங்கு 2,160, கம்பெனி பங்கும் 2,160. மாசம் 4,320. கைக்கு வராததால் யாரும் எண்ணுவதில்லை. அதையும் சேர்த்தால் மிச்சம் 24,920. இரண்டு வருஷத்துக்கு 5,98,080, கிட்டத்தட்ட ஆறு லட்சம். இதற்கு மேல் கிராஜுவிட்டி. மூணு வருஷம் முடித்தவர் இப்போது விட்டால் நிரந்தரப் பணியாளருக்கு அது பூஜ்யம். இன்னும் இரண்டு வருஷம் இருந்து ஐந்தை முடித்தால் 18,000 பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் 5, ஆக சுமார் 51,900 ரூபாய். பிரசவ விடுப்பு 26 வாரமும் தொடர்ச்சியான சேவையாகவே கணக்கில் வரும். சம்பள உயர்வையும், திரும்ப வேலை தேடும்போது "இந்த இடைவெளி ஏன்" என்ற கேள்விக்கு இறங்குகிற தொகையையும் நான் சேர்க்கவே இல்லை.

இரண்டாவது ஓட்டைதான் எனக்குக் கோபம் வருகிற இடம். பிள்ளையைப் பார்க்கிற செலவை ஏன் அம்மாவோட சம்பளத்தில் இருந்து மட்டும் கழிக்கிறோம்? பிள்ளை ரெண்டு பேருக்கும்தானே. வீட்டு வாடகையையோ வண்டி டியூவையோ யாரும் மனைவி சம்பளத்தில் மட்டும் கழித்துப் பார்ப்பதில்லை. 12,000-ஐ இருவர் சம்பளமும் சேர்ந்த தொகையில் கழித்துப் பாருங்க, பதில் வேற மாதிரி தெரியும். பணத்துக்கு அப்பாற்பட்ட காரணத்துக்காக வேலையை விட விரும்பினால் தாராளமாக விடலாம், அதில் நான் தலையிட மாட்டேன். தப்பான கணக்கைப் போட்டு விடாதீங்க.

சரி, "எங்களுக்கு அந்த 12,000 செலவே இல்லை, அம்மாச்சி இருக்காங்க" என்பவர்களுக்கு வருவோம். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. அம்மாச்சியோ அப்பத்தாவோ ஊரிலிருந்து பையோடு வந்து இறங்கிவிடுவார்கள். தூளி கட்டுவது, குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. வீட்டு பட்ஜெட்டில் அந்த வரியில் பூஜ்யம்.

அவங்க கையில் அது பூஜ்யம் இல்லை. திருச்சுழி, நரிக்குடி சுற்றி வானம் பார்த்த பூமி. ஐம்பது அறுபது வயதில் இருக்கும் ஒரு பெண் அங்கே சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. நூறு நாள் வேலைக்கு 2025-26ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். நூறு நாளும் கிடைத்தால் 33,600. (முழு நூறும் கிடைப்பதில்லை என்பது வேற கதை.) மிளகாய்ப் பழம் பறிப்பு, பருத்தி எடுப்பு என்று சீசன் கூலி தனி. நாலு ஆடு வைத்திருந்தால் அதை விற்றுவிட்டோ, யாரிடமாவது வாரத்துக்கு விட்டுவிட்டோதான் வந்திருப்பார்கள். ஆக, உங்கள் சம்பளம் நிற்காமல் இருப்பதற்காக அவர்களுடைய வருமானம் நின்றிருக்கிறது. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. வேலை நடக்கிற இடத்துக்கு ஐந்து அல்லது அதற்கு மேல் சிறு பிள்ளைகளைக் கூட்டி வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரைப் பிள்ளைகளைப் பார்க்க விட்டு, அவருக்கும் அதே கூலி கொடுக்கணும். கண்மாய் வெட்டுகிற இடத்திலேயே பிள்ளை பார்ப்பது கூலி வேலைதான் என்று சட்டம் ஒத்துக்கொண்டிருக்கிறது. நம் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை.

அதனால் மாசம் 4,000, 5,000, முடிந்ததைக் கொடுங்க. "அம்மாவுக்கே சம்பளமா" என்று அவர்களே மறுப்பார்கள். கையில் கொடுத்தால் அது உங்கள் பிள்ளைக்குக் கொலுசாகத் திரும்பி வந்துவிடும். அதனால் அவர்கள் பெயரில் உள்ள கணக்குக்கு மாசாமாசம் தானாகப் போகிற மாதிரி வைத்துவிடுங்க. வரி பற்றிய பயம் வேண்டாம். உங்கள் அம்மாவோ, கணவனின் அம்மாவோ, மனைவியின் அம்மாவோ, எல்லோரும் வருமான வரிச் சட்டப்படி உறவினர்தான். நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு அவர்களுக்கு வரி கிடையாது. அந்தப் பணத்தை அவர்கள் முதலீடு செய்து வருகிற வட்டியும் உங்கள் வருமானத்தில் சேராது. மனைவிக்கோ கணவனுக்கோ கொடுத்தால்தான் அது சேரும். போஸ்ட் ஆபீஸில் மாசம் 100 ரூபாயிலிருந்தே ஆர்டி போடலாம், ஐந்து வருஷம். அறுபது வயது ஆகிவிட்டால் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கு, மூணு மாசத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும்.

அவர்களுடைய உடம்பையும் பாருங்க. பிள்ளையைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டால் ஏற்பாடே நின்றுவிடும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குப் பெற்றோர் மூத்த குடிமக்களாக இருந்தால் 50,000 வரை கழிவு. மாமனார், மாமியாருக்குக் கட்டினால் இந்தக் கழிவு உங்களுக்குக் கிடையாது, அந்தப் பாலிசியை வாழ்க்கைத் துணை கட்டட்டும்.

இன்னொன்று, ஐப்பசி மழை விழுந்து விதைப்பு வந்துவிட்டால் அம்மாச்சி ஊருக்குப் போயே ஆகணும். பழப் பறிப்பு நேரத்திலும் அப்படித்தான். அந்த வாரங்களுக்கு உங்கள் லீவையோ, துணைவரின் லீவையோ இப்போதே ஒதுக்கி வையுங்க. வருஷ முடிவில் குளோசிங் வேலை இருக்கிற துறை என்றால் பங்குனி மாசத்துக்குத் தனி ஆள் பேசணும்.

வெளி ஆள் வைப்பவர்களுக்குச் சுருக்கமாக. தெருவிலேயே தெரிந்த அக்கா கிடைத்தால் அதுதான் நல்லது. சம்பளத் தேதி, வாரத்தில் ஒரு நாள் லீவு, தீபாவளிக்கு எவ்வளவு, அட்வான்ஸ் கொடுத்தால் எப்படிப் பிடிப்பது, இதையெல்லாம் முதல் நாளே பேசிவிடுங்க. நீங்கள் ஊருக்குப் போன நாட்களுக்குச் சம்பளம் பிடிக்காதீங்க. ஆதார் நகல் வாங்கி, இரண்டு வீட்டில் விசாரித்துவிடுங்க. வருஷம் 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் அவங்க வங்கிக் கணக்கு மூலம் சேரச் சொல்லி, அந்த இருபதை நீங்களே கொடுங்க.

இந்தச் செலவுக்கு வரிச் சலுகை உண்டா என்று கேட்பீங்க. இல்லை. பிரிட்டனில் பெற்றோர் 8 பவுண்டு போட்டால் அரசு 2 பவுண்டு சேர்க்கிற திட்டம் இருக்கிறது. நமக்கு ஆயா சம்பளத்துக்கும் காப்பகக் கட்டணத்துக்கும் கழிவே கிடையாது. பழைய வரி முறையில் பிளே ஸ்கூல் டியூஷன் கட்டணத்துக்கு மட்டும் கழிவு உண்டு. அதோடு ஒரு எச்சரிக்கை. சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு அருப்புக்கோட்டைக்கு வந்தவர்கள், பழைய வாடகை ரசீதை வைத்து ஹெச்ஆர்ஏ கேட்காதீங்க. அப்பா வீட்டில் இருந்து உண்மையாகவே வாடகை கொடுத்தால் கேட்கலாம். அப்பா அதைத் தன் வருமானமாகக் காட்டணும்.

கடைசியாக, வேலையில் சேருகிற தேதிக்கு இரண்டு வாரம் முன்னாடி ஒத்திகை பாருங்க. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே, பிள்ளையும் பார்த்துக்கொள்பவரும் வெளியே. எத்தனை முறை கதவு தட்டப்படுகிறது, மதியம் கரண்ட் போனால் பிள்ளை எங்கே தூங்கும், பால் கொடுக்க எந்த நேரம் காலண்டரில் பிளாக் பண்ணணும் என்று ஒரு பேப்பரில் குறித்து வையுங்க. ஹெச்ஆருக்குப் போகிற மெயிலில் நேரத்தை அந்தப் பேப்பரைப் பார்த்து எழுதுங்க.