மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளும் தோல் பூஞ்சையும்

தவளை தோல் வழியே நீரை உறிஞ்சுகிறது. அதன் மூச்சில் ஒரு பகுதியும் உடலின் உப்புச் சமநிலையும் தோலையே சார்ந்திருப்பதால், அத்தோலைத் தாக்கும் கைட்ரிட் என்னும் நுண்பூஞ்சை அதற்கு உயிர்க்கொல்லியாக அமைகிறது. 1999இல் அறிவியல் பெயரிடப்பட்ட இப்பூஞ்சை, தோலின் கடினப் புரதமான கெரட்டின் உள்ள இடங்களில் வளர்ந்து, நீரில் நீந்திச் செல்லும் நுண்வித்துகளை வெளியிடுகிறது. நோய் முற்றும்போது இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து இதயம் நின்றுவிடுகிறது. வாய்ப்பகுதியில் மட்டுமே கெரட்டின் கொண்ட தலைப்பிரட்டைகளோ பெரும்பாலும் சாகாமல் நோயைச் சுமந்து திரிகின்றன. குறைந்தது 501 இருவாழ்வி இனங்கள் இந்நோயால் நலிந்தன என்றும், அவற்றுள் 90 அற்றுப்போயிருக்கலாம் என்றும் 2019இல் வெளியான உலகளாவிய ஆய்வு மதிப்பிட்டது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இப்பூஞ்சை இருப்பது 2011 முதல் பதிவாகிவருகிறது. 17 முதல் 25 பாகை செல்சியசு வரையிலான குளிர்ச்சி அதற்கு உகந்தது என்பதால் மலையோடைகள் அதற்கு ஏற்ற இடங்களே. எனினும், பனாமா நாட்டில் இந்நோயால் தவளைகளுக்கு நேர்ந்ததைப் போன்ற பெருஞ்சாவு இங்கே பதிவாகவில்லை. இப்பூஞ்சையின் பிறப்பிடம் கிழக்கு ஆசியா என 2018இல் வெளியான மரபணு ஆய்வு சுட்டுவதால், ஆசியத் தவளைகள் அதனோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியிருக்கக்கூடும். ஆனால் இந்த அமைதியைப் பாதுகாப்பாகக் கொள்வது பெரும் பிழை: வளர்ப்பு விலங்கு வணிகத்தின் வழியே கொடிய வகையொன்று வந்து சேருமானால், வேறெங்கும் காணப்படாத தவளையினங்கள் பலவற்றுக்கு மீட்சி இராது. கூண்டில் உள்ள தவளையைப் பூஞ்சைக்கொல்லி மருந்துநீரில் நனைத்துக் குணப்படுத்த முடியும். ஒரு காட்டோடை முழுவதையும் அவ்வாறு குணப்படுத்த இயலாது. ஆகவே வருமுன் தடுப்பதே உண்மையான தீர்வு.

சட்டத்தில் அதற்கு இடமுண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம், அயல்நாட்டு ஊடுருவல் இனங்களின் இறக்குமதியையும் வணிகத்தையும் ஒழுங்குபடுத்தவோ தடைசெய்யவோ ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். பெயரளவில் நின்றுவிடும் அக்குழுவைச் செயல்படச் செய்யுமாறு கேட்பது ஊர்மக்களின் உரிமை.

ஓடையிலிருந்து ஓடைக்குச் செல்வோர் காலணியையும் வலையையும் சேறு போகக் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே அடுத்த நீரில் இறங்க வேண்டும். உலர்ச்சியை இப்பூஞ்சை தாங்காது. தலைப்பிரட்டைகளை இடம் மாற்றுவதும், வீட்டில் வளர்த்த அயல் தவளையை நீர்நிலையில் விடுவதும் கூடாது. இந்நோய் மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஆயினும் தவளைகள் கூட்டமாக மாண்டு கிடப்பதைக் காண்போர் அவற்றைத் தொடாமல், படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அன்றே வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.