பலாலியும் சென்னையும்: தூரமும் நேரமும்

பலாலியிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம் என்று மாணவன் ஒருவன் அண்மையில் வகுப்பிலே நம்மை வினாவினான். அதற்கு விடை காண்பது எளிது. தேசப்படமும் சிறிது கணக்கறிவும் இருந்தாற் போதும்.

பலாலியும் சென்னை மீனம்பாக்கமும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில், கிழக்கு 80 பாகையை அடுத்து அமைந்துள்ளன. எனவே பயணம் நேர் வடக்காகும். பலாலியின் அகலக்கோடு வடக்கு 9 பாகை 47 கலை. மீனம்பாக்கத்தினது 12 பாகை 59 கலை. வேறுபாடு 3 பாகை 12 கலை, அதாவது 192 கலை. அகலக்கோட்டில் ஒரு கலை ஏறத்தாழ ஒரு கடல் மைலாம். 192 கடல் மைல் என்பது ஏறத்தாழ 355 கிலோமீற்றர்.

மணித்தியாலத்துக்கு 500 கிலோமீற்றர் வேகத்திற் பறக்கும் சிறு விமானம் இத்தூரத்தை 43 நிமிடத்திற் கடத்தல் வேண்டும். ஆயினும் அட்டவணையோ ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எனக் கூறும். ஏன்? விமானம் தரிப்பிடத்தை விட்டு நகருங் கணம் முதல் மறு தரிப்பிடத்தில் நிற்குங் கணம் வரையுள்ள நேரத்தையே அட்டவணை குறிக்கின்றது. ஓடுபாதைவரை ஊர்தல், மேலெழுதல், இறங்குமுன் வேகந் தணித்தல், முறைக்காகக் காத்தல் யாவும் அதனுள் அடங்கும்.

இவ்வழி புதியதன்று. 1947 டிசம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை, டக்கோட்டா விமானமொன்றில், இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கே நிகழ்ந்தது. காங்கேசன்துறை எனக் குறித்தது இப்பலாலியையே. பின்னர் அத்தொடர்பு அற்றது. யுத்த காலத்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்குப் பலாலி மூடப்பட்டே கிடந்தது. யுத்தம் 2009இல் முடிந்த பின்னும் பத்தாண்டு அவ்வாறே கழிந்தது.

2013ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை, நம் தமக்கையார் சென்னையில் நோய் முற்றிக் கிடக்கின்றார் என்ற செய்தி வந்தது. அன்றிரவே யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறினோம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கே கொழும்புக்குச் சென்று, மறுநாட் பிற்பகல் கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, 640 கிலோமீற்றர் வடக்கே பறந்தோம். சிறிது நேரத்தில் யன்னலூடே கீழே நோக்கினால், நம் குடாநாடு! முதல் நாள் மாலை புறப்பட்ட ஊருக்கு மேலாகவே ஓரிரவும் ஒரு பகலுங் கழித்து நாம் பறந்துகொண்டிருந்தோம். சென்னையை அடைந்தபோது தமக்கையார் நம்மை அறியும் நிலையில் இல்லை. காலையில் நம் பெயரைச் சொல்லிக் கேட்டாராம்.

2019 அக்டோபர் 17ஆந் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரிற் சென்னைச் சேவை தொடங்கிற்று. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றினால் நின்ற அச்சேவை, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

ஆகையால் மாணவனுக்கு நாம் இரு விடை கூறினோம். தூரம் 355 கிலோமீற்றர். அது 1947இலும் 2013இலும் மாறவில்லை. நேரமோ, வழி திறந்திருந்தால் ஒரு மணித்தியாலஞ் சொச்சம். மூடியிருந்தால் ஓரிரவும் ஒரு பகலும். விமான நிலையம் வணிகருக்கும் யாத்திரிகருக்கும் மட்டும் உரியதன்று. நோயாளியின் கட்டிலருகே வேளைக்குச் சென்று சேரவேண்டியவர்க்கும் உரியது.